பேரில்லாத பட்டன்

பூர்ணிமாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அலுத்ததே இல்லை. பின்னம் புரியாத பிள்ளைக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். ஏறாவிட்டால் இன்னொரு விதம். அதுவும் ஏறாவிட்டால் சாக்பீஸை உடைத்துக் கையில் கொடுத்து வேறொரு விதம். அவளுக்கு அலுத்துப்போன வேலை ஒன்றே ஒன்றுதான். போர்ட்டல்.

உப்பளத்தில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம், கொரோனாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் அந்தப் போர்ட்டலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. பிள்ளை வந்ததா, என்ன வீட்டுப்பாடம், டெஸ்டில் எவ்வளவு, டீச்சர் என்ன சொல்கிறார், எல்லாவற்றையும் பெற்றோர் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்த்ததற்கு அடையாளமாக 'படித்தேன்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஆனால் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் அதை அழுத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பஞ்சாலை மூடினதும் செக்யூரிட்டி, ஆட்டோ, ஓட்டல் என்று கிடைத்த வேலைக்குச் சிதறிப்போனவர்கள், பாகூர்ப் பக்கமிருந்து தினமும் டவுனுக்கு வந்துபோகிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று அந்த வகுப்புப் பெற்றோருக்கு ஆயிரம் பாடு. கடைசி மணி அடித்ததும் பூர்ணிமா கரும்பலகையைப் போனில் படம் பிடிப்பாள், ஏற்றுவாள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். கடலில் கரைத்த பெருங்காயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒரே ஒருத்தி மட்டும் இந்தக் கணக்கில் சேராமல் இருந்தாள். இனியா என்கிற பிள்ளையின் அம்மா, கலைவாணி. பூர்ணிமா பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளிடமிருந்து 'படித்தேன்' வந்துவிடும். கூடவே ஒரு செய்தியும் வரும்.

"மிஸ், படம் வந்திருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்றீங்களா?"

முதல் நாள் பூர்ணிமா, "படத்தைத் திறந்து பாருங்க" என்று பதில் போட்டாள்.

"திறந்தேன் மிஸ். படம்னு மட்டும்தான் சொல்லுது."

நெட் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதே படத்தை இன்னும் பெரிதாக்கி அனுப்பினாள். "நன்றி மிஸ்" என்று வந்தது. மறுநாளும் அதே கேள்வி. பூர்ணிமாவுக்குச் சுள்ளென்று வந்தது. பலகையில் அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன், இந்தம்மாவுக்கு அதைப் படிக்கக்கூடவா சோம்பல்? பிறகு அவள் பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வரிசையில் இனியா வந்தாள். அவள் முழங்கையை லேசாகப் பிடித்தபடி ஓர் அம்மா நடந்து வந்தாள். மாம்பழ நிறத்தில் கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை, மற்ற கையில் மடக்கி வைத்த வெள்ளைக் கோல். இனியா நாற்காலியை இழுத்து அதன் முதுகில் அம்மாவின் கையை வைத்ததும், அந்த அம்மா தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

பூர்ணிமாவுக்குப் படத்தைப் பெரிதாக்கி அனுப்பியது நினைவுக்கு வந்தது. காதெல்லாம் சூடாகிப்போனது.

"மிஸ், நான் கலைவாணி. தினம் உங்களைத் தொந்தரவு பண்றது நான்தான்" என்று சிரித்தாள் அவள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. இனியா சொல்லவே இல்ல."

"அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாத் தோணியிருக்காது" என்றாள் கலைவாணி. "எங்க வீட்ல யாருக்கும் தோணாது."

பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல் திரையில் ஒவ்வொரு இடமாக வழுக்கிப்போகப் போக, போன் பேசியது. பேசியது என்றா சொல்வது? எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி இருந்தது அந்த வேகம். பூர்ணிமாவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கலைவாணி அதற்குள் போர்ட்டலைத் திறந்து, ஏழாம் வகுப்புக்குள் போய், நேற்றைய வீட்டுப்பாடத்தில் நின்றிருந்தாள். அங்கே வந்ததும் போன் நிதானமாக ஒரே ஒரு சொல் சொன்னது. "படம்."

"எழுத்துன்னா எவ்வளவு இருந்தாலும் எனக்குப் படிச்சுக் காட்டிரும் மிஸ். தமிழ், இங்கிலீஷ் ரெண்டும். படம்னு வந்தா வாயை மூடிக்கும்."

"வீட்ல வேற யாரும் படிச்சுச் சொல்ல..." என்று ஆரம்பித்த பூர்ணிமா, கேட்டிருக்கக் கூடாதோ என்று பாதியில் நிறுத்தினாள்.

கலைவாணிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் செம்மல், மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஷிப்ட்டு. அவர்கிட்ட போனைக் கொடுத்தா, ரிப்போர்ட்டை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, 'எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம்'னு சொல்லுவார். பக்கம் முழுக்க எழுதியிருந்தாலும் அவ்வளவுதான் அவர் சாராம்சம்." பக்கத்தில் நின்ற இனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலைவாணி மகளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இவ படிச்சுக் காட்டுவா மிஸ். ஒரு எழுத்து மாத்தாமப் படிப்பா, அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு. ஆனா தன்னைப் பத்தி எழுதின குறையைத் தன் வாயாலேயே அம்மாகிட்ட ஒப்பிக்க வைக்கிறது நல்லாவா இருக்கு? மத்த அம்மாங்க என்னா பண்றாங்க? மார்க்கைத் தனியாப் பாக்குறாங்க. கோவமோ வருத்தமோ, அதை அடுப்பங்கரையிலேயே ஆத்திக்கிறாங்க. புள்ளைக்குச் சாப்பாடு போட்டுட்டு அப்புறம் பேசுறாங்க. எனக்கு அந்த நேரம் கிடைக்க மாட்டேங்குது. அவ படிக்கிறப்பவே என் முகத்தைப் பாத்துக்கிட்டிருப்பா."

பூர்ணிமா எத்தனையோ பெற்றோரை அந்த மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறாள். மார்க் ஏன் குறைந்தது என்று சண்டை போட்டவர்கள் உண்டு, கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. பிள்ளையின் மார்க்கைத் தெரிந்துகொள்கிற அந்த முதல் நொடியில் தன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்த ஒருத்தியை அவள் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து எழுத்தாவே போடுறேன்" என்றாள்.

சொல்வது சுலபம். பூர்ணிமாவுக்குத் தமிழ் டைப்பிங் வராது. ஒற்றை விரலால் தடவித் தடவி வீட்டுப்பாடத்தை அடிப்பதற்குள் பஸ் போய்விடும், அடுத்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. முதல் வாரம் அலுப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு செய்தி வந்தது.

"மிஸ், நாளைக்குப் பல்லி விடுமுறைன்னு போன் படிக்குது. பல்லிக்கு மட்டும்தானா, பிள்ளைங்களுக்குமான்னு இனியா கேக்குறா."

'பள்ளி'யைப் 'பல்லி' என்று அடித்திருந்தாள். பஸ்ஸில் நின்றபடி பூர்ணிமா தனியாகச் சிரித்ததைப் பார்த்து முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு எதையும் அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எழுதுவதும் மாறியது. முன்பெல்லாம் பயிற்சி எண்ணை மட்டும் போட்டுவிடுவாள். இப்போது, 'இன்று கோணங்கள் பார்த்தோம். குறுங்கோணத்துக்கும் விரிகோணத்துக்கும் வித்தியாசம் சொல்லச் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி சேர்த்தாள். எங்கோ ஒருத்தி ஒவ்வொரு சொல்லையும் உட்கார்ந்து கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டால், ஏனோதானோ என்று எழுதக் கை வருமா?

கோணம் நடத்திய வாரம் வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. எந்தக் கோணத்தைப் பலகையில் வரைந்தாலும் இனியா அளக்காமலே, "அறுபது இருக்கும் மிஸ்", "நூத்துப்பத்து மிஸ்" என்று சொன்னாள். அளந்தால் கிட்டத்தட்ட அதேதான்.

"எப்படி இனியா?"

"வீட்ல கதவை வச்சு விளையாடுவோம் மிஸ். நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். அம்மா கதவுல ஒரு கை, நிலையில ஒரு கை வச்சுப் பாத்து எத்தனை டிகிரின்னு சொல்லுவாங்க. அப்புறம் அம்மா திறந்து வைப்பாங்க, நான் கண்ணை மூடிட்டுச் சொல்லணும். தோத்தவங்க பாத்திரம் விளக்கணும்."

அன்றைக்கு வகுப்பறைக் கதவு பட்ட பாடு சொல்லி முடியாது. பிள்ளைகள் வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கதவையும் நிலையையும் தடவினார்கள். கீல் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோணம் சொல்லிக்கொடுக்கத் தனக்குத் தெரிந்த வழிகளில் இப்படி ஒரு வழி இல்லாமல் போயிற்றே என்று பூர்ணிமாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆகஸ்டில் போர்ட்டல் புது உருவம் எடுத்தது. பழைய வெள்ளைத் திரை போய் நீலமும் ஆரஞ்சுமாக, சின்னச் சின்னப் படங்களாக வந்து நின்றது. வீட்டுப்பாடத்துக்குப் புத்தகப் படம், வருகைக்குக் காலண்டர் படம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அது வந்த இரண்டொரு நாளில் தலைமையாசிரியர் தேவதாஸ், காலைப் பிரேயர் முடிந்த கையோடு பூர்ணிமாவைக் கூப்பிட்டனுப்பினார்.

தேவதாஸ் சாருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த விறைப்பு கொஞ்சமும் குறையாமல் மகனுக்கும் வந்திருந்தது. சட்டையில் ஒரு மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்க கிளாஸ்ல இனியாவோட வீட்லேருந்து டி.சி. கேட்டு விண்ணப்பம் வந்திருக்கு. நடு வருஷத்துல புள்ளையைக் கூட்டிட்டுப் போறாங்கன்னா சும்மா இருக்காது. வகுப்புல என்ன நடந்துச்சு பூர்ணிமா?"

தலையில் கல் விழுந்தாற்போல் இருந்தது பூர்ணிமாவுக்கு. முந்தாநாள் நோட்டில் கோடு போடவில்லை என்று இனியாவைக் கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அதற்காகவா? வகுப்புக்கு ஓடிப்போய் இனியாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, வேற ஸ்கூலுக்குப் போறியா?"

இனியாவின் கண் உடனே நிறைந்துவிட்டது. "ஏன் மிஸ், என்னை அனுப்பப்போறீங்களா?"

பூர்ணிமா பிள்ளையைச் சமாதானம் பண்ணி உட்கார வைத்துவிட்டு, கலைவாணியின் ஆபீஸுக்குப் போன் போட்டாள். கலைவாணி அரசு அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலே எடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"வணக்கம், எந்த செக்ஷன் வேணுங்க?"

"நான்..."

"பூர்ணிமா மிஸ்ஸா? சொல்லுங்க மிஸ், புள்ளைக்கு என்னா?"

பூர்ணிமா விஷயத்தைச் சொன்னாள். கலைவாணி சிரித்த சிரிப்பில் பூர்ணிமா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"டி.சி.யா? அடக் கடவுளே! நான் 'படித்தேன்' அழுத்துறதா நெனச்சு அழுத்திக்கிட்டிருக்கேன் மிஸ். புதுசா மாத்தினதுலேருந்து எல்லாப் பட்டனுக்கும் பேர் போயிருச்சு. எதைத் தொட்டாலும் 'பேரில்லாத பட்டன், பேரில்லாத பட்டன்'னே சொல்லுது. பழைய ஞாபகத்துல கீழேருந்து எண்ணி எண்ணி அழுத்துனேன். மத்தியானம் லீவு போட்டுட்டு வரேன். உங்க ஹெச்.எம்.கிட்ட நானே பேசுறேன்."

சொன்னபடி மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று தேவதாஸ் சார் நினைத்திருக்க வேண்டும். "பரவாயில்லம்மா, தவறுதலா நடக்கிறதுதான். இனிமே உங்க வீட்டுக்காரரை விட்டு அழுத்தச் சொல்லுங்க" என்றார்.

"அதுக்கு வரல சார்" என்றாள் கலைவாணி. குரலில் கோபமில்லை, நெளிவும் இல்லை. "ஒரு நிமிஷம் என் போனை வாங்கிக்கிங்க. போர்ட்டல்தான் திறந்திருக்கு. கண்ணை மூடிக்கிட்டு, இனியா இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்திருக்காளான்னு எனக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. உங்களுக்காக மெதுவாப் பேச வச்சிருக்கேன்."

தேவதாஸ் சார் பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா ஜன்னலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விரலை வைத்தார். "பேரில்லாத பட்டன்" என்றது போன். நகர்த்தினார். "பேரில்லாத பட்டன்." இன்னொரு இடம். "பேரில்லாத பட்டன்." அவர் நெற்றி சுருங்கியது. துணிந்து ஒன்றை அழுத்தினார். போன் எங்கேயோ போய், "பேருந்துத் தடம் மாற்றம். உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்றது.

கண்ணைத் திறந்த தேவதாஸ் சாரின் முகத்தைப் பூர்ணிமா அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. ஹோம்வொர்க் செய்யாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"என் பொண்ணு நடந்துதான் வரா சார்" என்றாள் கலைவாணி. "இப்ப எந்த பஸ்ல ஏத்தி விட்டீங்களோ தெரியல."

அவர் சிரித்துவிட்டார். அந்த அறையில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பியூன் எட்டிப் பார்த்தார்.

உடனே போர்ட்டல் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். லாஸ்பேட்டையில் சின்ன கம்பெனிதான். அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்கிற இளஞ்செழியன் என்பவன் எடுத்தான். பிரச்சினையைக் கேட்டுக்கொண்டு, "செய்யலாம் சார். ஆனா இப்பக் கையில வேற வேலைங்க இருக்கு. அடுத்த அப்டேட்ல பாக்கலாம். இத்தனை ஸ்கூலுக்குக் கொடுத்திருக்கோம், இந்தக் கம்ப்ளெய்ன்ட் உங்களது ஒண்ணுதான் வந்திருக்கு" என்றான்.

கலைவாணி கையை நீட்டினாள். தேவதாஸ் சார் ரிசீவரைக் கொடுத்தார்.

"தம்பி, என்னைமாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்கும் தெரியாது. டி.சி. அழுத்துனவ நான். மத்தவங்க அழுத்தவே பயந்து விட்டிருப்பாங்க, அவங்க கம்ப்ளெய்ன்ட்டு உங்களுக்கு எப்படி வரும்? அப்டேட்டு எப்ப வேணா வரட்டும். சனிக்கிழம எனக்கு லீவு. நீங்க இங்க வாங்க, நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பட்டனாச் சொல்றேன். உங்களுக்கு வேலை பாதியாக் குறையும்."

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆபீஸில் ஒரு லைனை இன்னொரு லைனோடு இணைத்துவிடுகிற மாதிரி இயல்பாகச் சொன்னாள். "சரிக்கா, வரேன்" என்றான் இளஞ்செழியன்.

வந்தான். கம்ப்யூட்டர் லேபில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பூர்ணிமாவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. இளஞ்செழியன் முதலில் தன் லேப்டாப்பைப் பார்த்துப் பேசினான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கலைவாணியின் விரலையே பார்க்க ஆரம்பித்தான். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே அவன் குறித்துக்கொண்டான். பிறகு தன் போனையும் பேச வைத்து, திரையை அணைத்துவிட்டு அவனே முயன்று பார்த்தான். "ச்சே, நான் பண்ணினதுலேயே நான் தொலைஞ்சுபோறேன்க்கா" என்றான்.

பட்டன்களுக்குப் பேர் வைக்கும் படலம் ஒரு தனிக் கூத்து.

"இதுக்கு 'சமர்ப்பி'ன்னு வைக்கலாமாக்கா?"

"சமர்ப்பிக்கிறதுக்கு இதென்ன வீராம்பட்டினம் தேரா? 'அனுப்பு'ன்னு வை."

"இது 'முகப்புப் பக்கம்'."

"அது நீளம். ஒவ்வொரு தடவையும் அவ்வளவையும் நான் கேக்கணும்ல? 'முகப்பு' போதும்."

"டி.சி. பட்டன்?"

"அதை மாத்திரம் வீட்டுக் கொல்லையில கொண்டுபோய் வை. அழுத்துனா 'உறுதியா?'ன்னு ஒரு வாட்டி கேக்கட்டும்."

மார்க் பட்டியல்தான் கடைசியாக வந்தது. அதுவரை அது கையெழுத்து, முத்திரையெல்லாம் போட்டு ஸ்கேன் செய்த படமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதை எழுத்தாகவும் போட முடிவாயிற்று. 'கணக்கு, இருபத்தைந்துக்குப் பதினெட்டு' என்று பாடமும் மார்க்கும் சேர்ந்தே வர வேண்டும், பாடம் எல்லாம் ஒரு பக்கமும் மார்க் எல்லாம் இன்னொரு பக்கமும் வந்தால் எது எதற்கென்று தெரியாமல் போகும் என்று கலைவாணி விளக்கினாள். இளஞ்செழியன் தலையாட்டினான். ஆட்டினது தெரியாதே என்று உணர்ந்து, "சரிக்கா" என்று வாயாலும் சொன்னான். அன்றைக்கு அவனுக்கே தோன்றிய யோசனை ஒன்றும் உண்டு. டீச்சர் எழுதுகிற ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'கேள்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் போதும், எந்தப் போனாக இருந்தாலும், எந்த ஏற்பாடும் இல்லாமல், குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டும்.

காலாண்டுத் தேர்வு மார்க்குகள் அப்படித்தான் ஏறின. இனியாவுக்குக் கணக்கில் மார்க் இறங்கியிருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் பூர்ணிமா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கலைவாணி அக்காவுக்கு மெத்தென்று எழுதலாமா என்று ஒரு நினைப்பு. மெத்தென்று சொல்லத்தான் வீட்டில் செம்மல் இருக்கிறாரே என்று அடுத்த நினைப்பு. இருக்கிறதை இருக்கிறபடி எழுதினாள். 'கணக்கு தெரியாமல் தவறு செய்யவில்லை. வாக்கியக் கணக்குகளை முழுதாகப் படிக்காமல் அவசரப்படுகிறாள்.'

'படித்தேன்' வந்தது. வேறொன்றும் வரவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் கலைவாணி கூப்பிட்டாள்.

"மிஸ், உங்க குறிப்பை நாலஞ்சு தரம் கேட்டேன். அவசரம் யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். என்கிட்டேருந்துதான். என் போன் ஓடுற வேகத்தைப் பாத்திருக்கீங்கள்ல? பொறந்ததுலேருந்து அதையே கேட்டு வளந்த புள்ள. வேகமாப் படிச்சாத்தான் புத்திசாலின்னு நெனச்சிருக்கும். அதனால நேத்துலேருந்து வீட்ல போனை மெதுவா வச்சுட்டேன். எனக்குப் பித்துப் பிடிச்ச மாதிரிதான் இருக்கு, ஆமை போற வேகம். ஆனா அவ இருக்கிற நேரத்துல அப்படித்தான். கணக்கையும் அந்த வேகத்துலயே எனக்கு வாசிச்சுக் காட்டணும்னு சொல்லியிருக்கேன்."

மார்க் இறங்கினால் மற்ற பெற்றோர் என்ன செய்வார்கள் என்று பூர்ணிமா நினைத்துப் பார்த்தாள். பிள்ளையைத் திட்டுவார்கள், டியூஷனில் சேர்ப்பார்கள், டீச்சரைக் குறை சொல்வார்கள். பிள்ளைக்காகத் தன் காதின் வேகத்தையே குறைத்துக்கொள்கிற பெற்றோரை எங்கே போய்த் தேடுவது?

'கேள்' பட்டனைப் பற்றி அவள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், வகுப்பில் அதுவரை பேரே வந்திராத பெற்றோர்களிடமிருந்தெல்லாம் 'படித்தேன்' வர ஆரம்பித்தது. அந்த வாரத்திலேயே ஒரு நாள், காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"டீச்சர், நான் பக்கிரி. சுலோசனாவோட அப்பா. பெரிய மார்க்கெட்ல லோடு இறக்குறேன்" என்றார். சுலோசனா கடைசி பெஞ்சில் உட்கார்கிற, வாய் மூடாத பெண். "எனக்குப் படிக்க வராது டீச்சர். நேத்து உங்க போர்ட்டல்ல பேசுற பட்டன் இருக்குன்னு புள்ளதான் காட்டுச்சு. பழைய குறிப்பையும் சேத்து எல்லாத்தையும் உக்காந்து கேட்டேன். அதுல ஒண்ணு எனக்கு வெளங்கல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லுங்க."

"'சுலோசனா வகுப்பில் நிறையக் கேள்வி கேட்கிறாள்'னு எழுதியிருக்கீங்க. அது நல்லதா டீச்சர், கெட்டதா?"

ஜூலையில் எழுதிய குறிப்பு. எழுதியதையே பூர்ணிமா மறந்திருந்தாள். "நல்லது" என்றாள். "ரொம்ப நல்லது. அவ கேக்குற கேள்வியாலதான் மத்த புள்ளைங்களுக்கும் பாதி பாடம் புரியுது."

பக்கிரி துண்டைக் கையில் முறுக்கினார். "வீட்லயும் தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் சும்மா கெடன்னு அதட்டிருவேன். களைச்சுப் போய் வர்றேனா, காது கொடுக்க முடியல." கொஞ்சம் தயங்கினார். "நேத்து இதைக் கேட்டப்புறம் அதட்டல. கேளுன்னேன். உடனே ஒண்ணு கேட்டுச்சு. மீன் பெட்டியில ஐஸோட உப்பையும் சேத்துப் போடுறாங்களே, அது எதுக்குன்னு. இத்தனை வருஷமா அந்தப் பெட்டியைத் தூக்குறேன், எனக்குத் தெரியல. அதுக்கு என்னா பதில் டீச்சர்?"

"நான் கணக்கு டீச்சருங்க. அரைகுறையாத்தான் தெரியும், தப்பாச் சொல்லிடக் கூடாது. சயின்ஸ் மிஸ்கிட்ட நல்லாக் கேட்டு இன்னைக்குச் சாயங்காலம் போர்ட்டல்ல எழுதறேன்."

"எழுதுங்க டீச்சர், வேலை முடிஞ்சு உக்காந்து கேட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு பக்கிரி மார்க்கெட் பக்கம் நடந்தார்.

பூர்ணிமா மணி அடிப்பதற்குள் சயின்ஸ் மிஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.